கோயில்காட்டில் நீங்கள் பார்த்த நீலப்பூ காயாதான்

திண்டிவனத்துப் பக்கம் ஓர் ஐயனார் கோயில்காட்டில் ஒரு புதரைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். இலை தடிமனாகப் பளபளவென்று இருக்கிறது. பங்குனியில் போனபோது இலையே இல்லாத பழைய கிளைகளில்கூட நீலப் பஞ்சை ஒட்டிவைத்ததுபோல் பூ. அடுத்த வாரம் போனால் ஒரு பூ இல்லை. ஊரில் ஒருவர் அதைக் காசா என்கிறார், மற்றவர்கள் வெறும் விறகுச்செடி என்கிறார்கள். இது என்ன செடி, எதற்கு ஆகும், ஒரு கன்றைப் பெயர்த்து வந்து வீட்டில் வைக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெயர்க்காதீர்கள். பெயர்த்தால் அநேகமாகச் செத்துவிடும். வேறு வழி இருக்கிறது, பின்னால் விரிவாக வருகிறேன்.

காசா என்று சொன்னாரே, அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதுதான் சரியான பெயர். உயரம் பேச்சில் உசரம் ஆகிறது, முயல் முசல் ஆகிறது. அதே வழியில் காயா என்ற பழைய பெயர் காசா ஆயிற்று. சில ஊர்களில் காசான். நீங்கள் பார்த்தது காயாம்பூ. திருமாலைக் 'காயாம்பூ வண்ணன்' என்று சொல்கிறோமே, அந்தக் காயா. பெயரைக் கேட்டிராத தமிழர் குறைவு. பூவைக் கண்ணால் பார்த்தவர் அதைவிடக் குறைவு. பூக்கிற சில நாளில் நீங்கள் அந்தக் காட்டுக்குள் இருந்தது நல்ல நேரம்தான்.

இதைச் சொன்னதும் பலர், "சங்குப்பூவைத்தானே அப்படிச் சொல்வார்கள்?" என்று கேட்கிறார்கள். இல்லை. சங்குப்பூவின் பழைய பெயர் கருவிளை. அது கொடி, இது புதர். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் 'கருவிளை ஒண்மலர்காள், காயா மலர்காள்' என்று இரண்டையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, திருமாலின் நிறத்தைக் காட்டுகிறீர்களே, நான் பிழைக்க ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்கிறாள். இரண்டும் வேறு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் நடுவில் எங்கோ விட்டுப்போயிற்று. பூவை என்பதும் இதே பூவின் பெயர். தொல்காப்பியத்தில் பூவைநிலை என்று ஒரு துறையே இருக்கிறது. முல்லைப்பாட்டில் 'செறியிலைக் காயா அஞ்சனம் மலர' என்று ஓரடி வருகிறது. அடர்ந்த இலை, மை நிறப் பூ. இரண்டே சொல்லில் செடியை அடையாளம் காட்டிவிட்டார்கள். மராத்தியில் இன்றைக்கும் இதன் பெயர் அஞ்சனி. தமிழ் மூலிகை நூல்கள் சிலவற்றில் அல்லி என்றும் போட்டிருக்கும். குளத்து அல்லியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தாவரவியல் பெயர் மெமிசைலான் அம்பெல்லேட்டம். மெலஸ்டோமேட்டேசி குடும்பம். ஊட்டி, கொடைக்கானல் தோட்டங்களில் ஊதாநிறத்தில் பெரிதாகப் பூக்கும் டிபோசினா இதற்கு உறவு. ஆனால் அந்தக் குடும்பத்துச் செடிகள் பெரும்பாலானவற்றில் இலையின் அடியிலிருந்து நுனிவரை மூன்று அல்லது ஐந்து நரம்புகள் வளைந்து ஓடும். காயா இலையில் நடுநரம்பு ஒன்றுதான் தெளிவாகத் தெரியும், பக்க நரம்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அடுத்த முறை போகும்போது ஓர் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எதிரெதிராக இரண்டிரண்டு இலை, தோல்போல் தடிமன், கரும்பச்சை, மேலே மினுமினுப்பு. இவ்வளவும் சேர்ந்திருந்தால் பூ இல்லாத காலத்திலும் காயாவைக் கண்டுபிடித்துவிடலாம்.

பூவைக் கிட்டத்தில் பார்த்தீர்களா? ஒரு பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. நான்கு இதழ், எட்டு மகரந்தத் தாள். இதழ்கள் நிற்கிற கிண்ணம் வெளிர் இளஞ்சிவப்பு, அதன் மேல் நீலம். அதனால்தான் சற்றுத் தள்ளிநின்று பார்த்தால் நீலமா ஊதாவா என்று சொல்ல முடியாத ஒரு நிறம் தெரிகிறது. சங்கப் பாடல்களில் இதை மயில் கழுத்துக்கு ஒப்பிடுகிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் அந்த ஒப்பீடு புரியும். இலைக் கக்கத்தில் மட்டுமல்லாமல் பழைய கட்டையின் கணுக்களிலும் கொத்துக் கொத்தாக வருவதால், பூத்த நாளில் கிளையே தெரியாது. அந்தச் சில நாளும் மரம் முழுக்கத் தேனீ இரைச்சல்தான். அப்புறம் எல்லாம் உதிர்ந்து அடியில் நீலப்பாய் விரித்ததுபோல் கிடக்கும்.

பழம் மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டை. உச்சியில் சின்னக் கிரீடம்போல் ஒரு விளிம்பு இருக்கும். பச்சையில் தொடங்கி மஞ்சள், சிவப்பு என்று மாறிக் கடைசியில் கருநீலமாகக் கறுக்கும். தின்னலாம். சதை கொஞ்சம், கொட்டை பெரிது, நாக்கை லேசாகப் பிடிக்கிற துவர்ப்பு. தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் 1798-இல் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் பெரிய நூலில் காயாவுக்கு வைத்த பெயரே மெமிசைலான் எடூல். எடூல் என்றால் தின்னத்தக்கது என்று பொருள். இன்றைக்கு இந்தப் பழத்தை நம்பியிருப்பது பெரும்பாலும் கொண்டைக்குருவிகள்தாம். அவை தின்று எச்சமிடுவதால்தான் கள்ளிப் புதர் நடுவிலும் பனையடியிலும் காயாக் கன்று முளைக்கிறது.

இனி இடம். உங்கள் ஊர் ஐயனார் காட்டை வெறும் புதர்க்காடு என்று நினைத்துவிடாதீர்கள். சோழமண்டலக் கரையோரம் முழுக்க ஒரு காலத்தில் இருந்த காட்டின் மிச்சம் அது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று அதற்குப் பெயர். ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆண்டில் பாதிக்குமேல் வறட்சி. இப்படிப்பட்ட இடத்தில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்பதுதான் வழக்கம். இந்தக் காடு உதிர்க்காது. தடிமனான, மெழுகு பூசிய சின்ன இலைகளை வைத்துக்கொண்டு சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கும். செறியிலைக் காயா என்றது இதைத்தான். 1973-இல் பிளாஸ்கோ, லெக்ரி என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கோடியக்கரை, மரக்காணம் காடுகளைப் பற்றி எழுதியபோது, இந்தக் காட்டுவகையை அடையாளம் காட்டும் நான்கு மரங்களில் ஒன்றாகக் காயாவை வைத்தார்கள். உலக்கைப் பாலையும் வீரையும் அந்த நான்கில் சேர்ந்தவை. உங்கள் காட்டில் இவை இரண்டும் பக்கத்திலேயே நிற்கும், தேடிப் பாருங்கள்.

கோடியக்கரையிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் இந்தக் காடு கொஞ்சம் பரப்பாக இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியிருப்பது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய் அளந்த காடு, அங்கே காயா மிகுதி. மற்ற இடங்களில் எல்லாம் கோயிலைச் சுற்றி நாலைந்து ஏக்கர், சில இடத்தில் அதுவும் இல்லை. சாமி காட்டில் குச்சி ஒடிக்கக்கூடாது என்று ஊர் கட்டிக்காத்த இடங்களில்தான் காயா பிழைத்திருக்கிறது. இப்போது கோயிலைப் பெரிதாக எடுத்துக் கட்டுகிறோம் என்று சுற்றிலும் வெட்டிச் சிமெண்டுத் தளம் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. குதிரைச் சிலைக்குப் புதுச் சாயம் அடிப்பார்கள், அதன் காலடியில் நின்ற காயாவை வேரோடு எடுத்துவிடுவார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால் இதே செடி மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர், மாத்தேரான் மலைகளிலும் காடாக நிற்கிறது. மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. இங்கே கடலோர மணலில் வெயிலைத் தாங்குவதும் அங்கே மாதக்கணக்கில் மழையில் ஊறி நிற்பதும் ஒரே அஞ்சனி. கேரளத்தில் காசாவு என்றும் காயாம்பூ என்றும் சொல்கிறார்கள். இலங்கையின் காடுகளிலும் இருக்கிறது. சிங்களத்தில் கொரகஹ. கஹ என்றால் மஞ்சள். நீலப்பூச் செடிக்கு எதற்கு மஞ்சள் என்று பெயர்? அதற்குப் பதில் இலையில் இருக்கிறது. காயாவின் பயன்களில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

இலையை உலர்த்தி வேகவைத்தால் மஞ்சள் சாயம் இறங்கும். ஆனால் சாயக்காரர்கள் காயாவைத் தேடியது அந்த மஞ்சளுக்காக மட்டுமல்ல. பருத்தியில் சாயம் சும்மா பிடிக்காது, துவைத்தால் போய்விடும். நூலையும் சாயத்தையும் கட்டிப்போட நடுவில் ஓர் உலோக உப்பு வேண்டும். அதற்குத்தான் படிகாரம் போடுகிறார்கள். படிகாரத்தில் வேலை செய்வது அலுமினியம். காயா தன் வேரால் மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கிற செடி. மற்றச் செடிகளுக்கு நஞ்சாகிற அளவு இதன் இலையில் இருக்கும், இதற்கு ஒன்றும் ஆகாது. ஆக, காயா இலை என்பது மரத்தில் காய்க்கிற படிகாரம். சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் சாயவேரோடு, அதாவது சிவப்புச் சாயம் தருகிற ஒரு சிறுசெடியின் வேரோடு, காசா இலைத் தூளையும் சேர்த்துத் துணியைக் காய்ச்சினார்கள், சிவப்பு அழுத்தமாக ஏறும் என்பதற்காக. வேதியியல் புத்தகம் எதுவும் படிக்காமல், தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்து பார்த்துக் கண்ட அறிவு அது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பா போட்டிபோட்டு வாங்கிய நம் கரைத் துணிகளின் சிவப்பில் இந்த இலைக்கும் பங்கு உண்டு. 1869-இல் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தைச் செயற்கையாகச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதற்கப்புறம் சாயவேரும் போயிற்று, அதோடு காசா இலையைப் பறிக்க ஆளும் போயிற்று.

இலங்கையில் கண்டிக்குப் பக்கத்துத் தும்பறையில் பாய் நெய்கிறவர்கள் சிவப்பு நிறத்துக்குப் பதிமுகக் கட்டையோடு கொரகஹ இலையையும் சேர்த்து வேகவைக்கிற வழக்கம் உண்டு. வீட்டிலேயே நீங்கள் செய்து பார்க்கலாம். தண்ணீரில் போட்டுக் குடிக்கப் பதிமுகம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். வெள்ளைப் பருத்தித் துணியைக் கிழித்து, ஒரு துண்டைப் பதிமுகத்தில் மட்டும் வேகவையுங்கள், இன்னொன்றைக் காயா இலையும் சேர்த்து வேகவையுங்கள். இரண்டையும் அலசிக் காயப்போட்டால் வித்தியாசம் தெரியும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் செய்யாதீர்கள், சோதனை கெட்டுப்போகும். எவர்சில்வர் போதும்.

கட்டை மிகக் கடினம். மெதுவாக வளர்கிற எந்த மரமும் அப்படித்தான். கோடரி, மண்வெட்டிக் காம்புக்கும் சிறு தூண்களுக்கும் பயன்பட்டது. நின்று எரியும் என்பதால் விறகுக்கு வெட்டித் தள்ளினார்கள். உங்கள் ஊரில் விறகுச்செடி என்று பெயர் வந்தது அதனால்தான். வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே இருந்தால் இடுப்பு உயரப் புதராகவே நின்றுவிடும். நீங்கள் இதைப் புதர் என்று நினைத்தது பிழையில்லை. வெட்டாமல் விட்டால் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் மரமாக நிற்கும்.

மருத்துவம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலை துவர்ப்பு என்பதால் அதன் கஷாயத்தைக் கண் கழுவவும் வெள்ளைப்படுதலுக்கும், வேர்க் கஷாயத்தை அதிகமான மாதப்போக்குக்கும் கொடுத்து வந்திருக்கிறார்கள். 1998-இல் சென்னை ஆய்வாளர்கள், காயா இலைச் சாறு எலிகளில் ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக எழுதினார்கள். அது எலி. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். வீட்டில் காய்ச்சியதைக் கண்ணில் விடவே வேண்டாம். இலையில் அலுமினியம் இருக்கிறது என்று மேலே சொன்னேன், அதையும் நினைவில் வையுங்கள். தெரிந்த சித்த மருத்துவர் கையில் இருக்கட்டும் அது.

சரி, வளர்ப்புக்கு வருவோம். முளைத்த காயாக்கன்று மேலே ஒரு சாண் இருக்கும்போதே கீழே ஆணிவேர் நெடுகப் போயிருக்கும். கடப்பாரை போட்டு நெம்பினால் அந்த வேர்தான் முதலில் அறும். மேலே இலை தடிமன் என்பதால் இரண்டு மூன்று வாரம் பச்சையாகவே இருந்து உங்களை நம்பவைக்கும், அப்புறம் ஒரேயடியாகக் காயும். முதன்முதலில் நான் பெயர்த்து வந்த நான்கு கன்றும் இப்படித்தான் போயின. அதற்கப்புறம் காட்டில் ஒரு கன்றைக்கூடத் தொட்டதில்லை. குச்சி வெட்டி நட்டும் பார்த்தேன், வேர் விடுவது மிக அரிது. விதைதான் வழி.

பழம் கருநீலமாகக் கறுத்தபின் மரத்திலிருந்தே பறியுங்கள். ஒரு மரத்தில் ஒரு கைப்பிடி போதும், மிச்சம் பறவைக்கு. அன்றைக்கே தண்ணீரில் போட்டுப் பிசைந்து சதையைக் கழுவிவிடுங்கள். மிதக்கிற கொட்டையை எறிந்துவிடலாம். இதைக் கத்தரி விதைபோலக் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்கக்கூடாது. உள்ளே முளைக்குருத்து ஈரத்தோடு சுருண்டு மடிந்து கிடக்கும், காய்ந்தால் முளைப்பு போய்விடும். தபாலில் யாராவது காயா விதை அனுப்புகிறேன் என்றால் எந்த நாளில் பறித்தது என்று முதலில் கேளுங்கள்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு. முடிந்தால் காயா மரத்தடியிலிருந்தே ஒரு கை மண்ணை அள்ளி வந்து கலந்துகொள்ளுங்கள், அந்த மண்ணில் இருக்கிற பூஞ்சைகள் வேருக்கு நல்லது என்று என் அனுபவம். ஆழமான பாலித்தீன் பையாக எடுங்கள். தட்டையான தொட்டியில் போட்டால் ஆணிவேர் சுருண்டுகொள்ளும். விதையை அதன் அளவு ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். நிழலில் வைத்து மண் காயாமல் லேசாகத் தெளித்து வாருங்கள். ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். முளைக்கவில்லை என்று பையைக் கொட்டிவிட்டுப் பத்துநாள் கழித்து அந்தக் குப்பையில் கன்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பொறுத்திருங்கள்.

முதல் ஆண்டு நீங்கள் ஏமாந்ததுபோல் இருக்கும். முருங்கை கூரையைத் தொடுகிற காலத்தில் காயா ஒரு சாண்கூட ஏறியிருக்காது. உரம் போட்டுத் துரத்த வேண்டாம். காய்ந்த சாணத்தூள் எப்போதாவது ஒரு பிடி போதும். முழு வெயிலும் முதல் ஆண்டு வேண்டாம், காட்டில் அது பெரிய மரங்களின் நிழலில்தான் முளைக்கிறது. இரண்டு வயதுக் கன்றைத் தரையில் வைப்பதுதான் நல்லது. புரட்டாசிக் கடைசியில் ஒன்றரை அடிக் குழி எடுத்து நட்டுவிட்டால், வடகிழக்குப் பருவமழை முழுவதும் அதற்குக் கிடைக்கும். தண்ணீர் தேங்குகிற இடம் ஆகாது. சுண்ணாம்பு மிகுந்த களிமண்ணில் இலை மஞ்சளித்துத் திணறும். செம்மண், சரளை, கடலோர மணல் எல்லாம் சம்மதம். அடுத்த இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் காட்டுங்கள், அடியில் சருகு மூடாக்குப் போடுங்கள். மூன்றாம் கோடையில் அது உங்களைக் கேட்காது. ஆடு பெரும்பாலும் முற்றிய இலையைத் தொடாது, ஆனால் இளந்துளிரை விடாது. ஆகவே சின்ன வேலி வேண்டும்.

வீட்டில் இடம் குறைவு என்றால் பெரிய ஆழமான தொட்டியிலும் நிற்கும், மெதுவாக வளர்வதே அங்கே நன்மை. வேலியாக வரிசையில் வைத்துக் கத்தரித்தும் விடலாம். நெருங்கிய இலையால் அழகாக அடைத்துக்கொள்ளும். ஆனால் பூ வேண்டுமானால் கத்தரியைக் கொஞ்சம் அடக்குங்கள். பூ வருவது பழைய கட்டையின் கணுக்களில். பூக்கும் காலத்துக்கு முன் வெட்டினால் அந்த ஆண்டுப் பூவை நீங்களே வெட்டிப் போட்டதாகும். உதிர்ந்து முடிந்தவுடன் ஒருமுறை வெட்டினால் சரியாக இருக்கும்.

விதை எடுக்கப் பொறுமை இல்லையென்றால், ஆரோவில் பக்கம் எழுபதுகளிலிருந்து இந்தக் காட்டை மீட்டு வளர்க்கிறவர்களின் நாற்றங்கால்களிலும், சில வனத்துறை நாற்றங்கால்களிலும் கேட்டுப் பாருங்கள். காயா என்றால் தெரியாவிட்டால் காசா என்று கேளுங்கள், அதுவும் தெரியாவிட்டால் மெமிசைலான் என்று சொல்லுங்கள். முட்டிக்கால் உயரக் கன்று கிடைத்தாலே இரண்டு மூன்று ஆண்டு மிச்சம். ஓர் எச்சரிக்கை: மெமிசைலானில் வேறு இனங்களும் உண்டு. மேலே சொன்ன இலையைச் சரிபார்த்து வாங்குங்கள்.

நீங்கள் பார்த்த மரத்தில் ஆடி மாதம் போல் பழம் கறுக்கத் தொடங்கியிருக்கும். பத்துநாள் இடைவெளியில் இரண்டு நடை போய்ப் பாருங்கள். கூடவே அந்தக் காசா என்று சொன்ன பெரியவரையும் அழைத்துப் போங்கள். அந்தக் காட்டில் வேறு எந்த மரத்துக்கெல்லாம் அவரிடம் பெயர் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எனக்கும் அந்தப் பட்டியல் வேண்டும்.